பீப்பாய் இல்லாமல் ஓக் மணம்: வீட்டுப் பானங்களுக்குச் சிக்கன வழிகள்

புதிய பிரெஞ்சு ஓக் பீப்பாய் ஒன்று 225 லிட்டர் கொள்ளும். விலை சாதாரணமாக ஆயிரம் அமெரிக்க டாலரைத் தாண்டும். வீட்டில் 20 லிட்டர் குடுவையில் ஒயினோ பியரோ நொதிக்க வைக்கிறவருக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை. வாங்கினால் மட்டும் போதாது. காயவிடாமல், பூஞ்சை பிடிக்கவிடாமல், எந்நேரமும் நிரப்பியே வைத்திருக்க வேண்டும். ஆனால் பீப்பாயில் கிடந்த பானத்தில் நாம் நுகரும் வனிலா, தேங்காய், கிராம்பு, மெல்லிய புகை ஆகிய எல்லாம் மரத்திலிருந்து வருபவை. மரத்தைப் பானத்துக்குள் போட்டாலும் அவை இறங்கும். ஒரு கைப்பிடி ஓக் துண்டுகளுக்குச் சில டாலர்தான் செலவு.

ஒயின், பியர், சைடர் என்ற ஆப்பிள் மது, தேன்மது ஆகியவற்றில் ஏதாவது ஒன்றை ஓரிரு முறை செய்து பழகி, இப்போது முதன்முதலாக ஓக் சேர்க்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதியவர்கள் சறுக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஓக் போதாமல் போவதில்லை, மிஞ்சிப்போகிறது. மரத்தை வெளியே எடுத்துவிடலாம். இறங்கிவிட்ட சாற்றை எடுக்க வழியில்லை. ஆகவே இங்கே சொல்லும் அளவுகளைக் கொஞ்சம் கை இறுக்கியே சொல்லியிருக்கிறேன்.

முதலில் சட்டம். கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் சொந்தத் தேவைக்கு வீட்டில் பியரும் ஒயினும் செய்யலாம், விற்கக் கூடாது. அமெரிக்காவில் பியருக்கான அனுமதி 1978இல் இயற்றிய கூட்டரசுச் சட்டத்தால் வந்தது. ஆண்டுக்கு ஒருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு 100 கேலன், இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு 200 கேலன் வரம்பு. காய்ச்சி வடிப்பது வேறு விஷயம். இந்த நாடுகளில் உரிமமின்றிச் சாராயம் வடிப்பது குற்றம். தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமமில்லாமல் மது தயாரிப்பதே கூடாது. அங்கிருந்து படிப்பவர்கள் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம். மது கலவாத பானங்களுக்கும் ஓக் ஒத்துவரும்.

மரத்துக்குள் இருப்பவை

பீப்பாய்க்குப் பெரும்பாலும் பயன்படுபவை மூன்று இனங்கள். அமெரிக்காவில் மிசௌரி, கென்டக்கிப் பக்கம் வளரும் குவெர்கஸ் ஆல்பா என்ற வெள்ளை ஓக் ஒன்று. ஐரோப்பாவின் குவெர்கஸ் பெட்ரியா, குவெர்கஸ் ரோபர் மற்ற இரண்டு. பிரான்சின் த்ரோன்சே காடு பெட்ரியாவுக்குப் பேர்போனது. 17ஆம் நூற்றாண்டில் பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேர் போர்க்கப்பலுக்கு மரம் வேண்டும் என்று சீரமைத்த காடு அது. இன்று அந்த மரம் ஒயினுக்குப் போகிறது.

அமெரிக்க ஓக்கில் லாக்டோன் என்ற சேர்மம் அதிகம். தேங்காய் மணம் அதனால் வருகிறது. பிரெஞ்சு ஓக்கில் அது குறைவு, துவர்ப்பு தரும் டானின் கூடுதல். மணம் அடங்கி, மசாலா வாசனையோடு வரும். மரத்தில் உள்ள லிக்னின் சூட்டில் உடைந்து வனிலின் ஆகிறது. ஹெமிசெல்லுலோஸ் சர்க்கரையாகச் சிதைந்து கருகும்போது காய்ச்சிய சர்க்கரைப் பாகின் மணமும் வறுத்த பாதாம் மணமும் பிறக்கின்றன. கிராம்பில் உள்ள அதே யூஜினால் ஓக்கிலும் இருக்கிறது. இன்னும் சூடேறினால் குவையகால் என்ற புகை மணம் மேலெழும். ஆகவே எந்த நாட்டு ஓக் என்ற கேள்விக்குச் சமமாக, எவ்வளவு வறுத்த ஓக் என்ற கேள்வியும் முக்கியம்.

அந்த மூன்று இனங்களுக்கு வெளியே போக வேண்டாம். தச்சுப் பட்டறையில் கிடைக்கும் ஓக் துண்டு இலவசம் என்று கை நீட்டாதீர்கள். பீப்பாய்க்கான மரத்தை ஒன்றரை முதல் மூன்று ஆண்டு வரை வெயிலிலும் மழையிலும் அடுக்கி வைத்துக் கசப்பை வெளியேற்றுகிறார்கள்; மேசை நாற்காலிக்கான மரத்தைச் சூளையில் சட்டென்று உலர்த்துகிறார்கள். அதன் மேல் மெழுகோ வார்னிஷோ பூச்சி மருந்தோ பட்டிருக்குமா என்பதும் நமக்குத் தெரியாது. பட்டறைத் துண்டு பெரும்பாலும் சிவப்பு ஓக்காகவே இருக்கும் என்பது இன்னொரு தொல்லை. சிவப்பு ஓக் துண்டின் ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் வாய்வைத்து ஊதினால் குமிழி வரும். அதன் நாளங்கள் அவ்வளவு திறந்தவை. வெள்ளை ஓக்கின் நாளங்களை மரமே அடைத்துவிடுகிறது, அதனால்தான் அதில் செய்த பீப்பாய் ஒழுகுவதில்லை.

நீலகிரியிலும் வால்பாறையிலும் இலங்கை மலையகத்திலும் தேயிலைக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரத்தைப் பார்த்து யாருக்கும் ஆசை வர வேண்டாம். அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிரிவில்லியா. ஓக் குடும்பத்தோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒவ்வொரு நாட்டுக்கும் அதனதன் மரம் உண்டு என்பது உண்மைதான். இலங்கையின் தென்னஞ்சாராயம் ஹல்மில்லா மரத் தொட்டிகளில் முதிர்கிறது. ஆனால் அது பல தலைமுறையாகச் சோதித்த மரம். நாம் தோட்டத்தில் வெட்டியது அப்படி அல்ல.

எதை வாங்குவது

வீட்டு மது தயாரிப்புப் பொருட்கள் விற்கும் கடைகளில் ஓக் பல வடிவங்களில் கிடைக்கும்.

தூள்தான் மிக மலிவு. ஒயின் கிட் பெட்டிகளுக்குள் சிறு பொட்டலமாக வருவது இதுதான். நொதிக்கும்போதே போட்டு, வண்டலோடு சேர்த்துக் கழித்துவிடுவார்கள். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. நொதித்துக்கொண்டிருக்கும் ஈஸ்ட் வனிலினைப் பிடித்து மணம் குறைந்த வேறு சேர்மமாக மாற்றிவிடும். அதனால் நொதிப்பின்போது போடும் ஓக் சிவப்பு ஒயினுக்கு வாயில் உணரும் கனமும் நிறத்துக்கு உறுதியும் தரும். வனிலா மணம் அவ்வளவாகத் தராது. மணம் வேண்டுமென்றால் நொதித்து முடிந்த பிறகுதான் மரம் உள்ளே போக வேண்டும்.

சில்லுகள் அடுத்த மலிவு. மெல்லியவை என்பதால் ஓரிரு வாரத்திலேயே சாற்றை முழுக்க விட்டுவிடும். அந்த வேகமே அவற்றின் குறை. சூடு ஒரே சீராக ஊடுருவி வறுபட்டிருப்பதால் மணம் தட்டையாக இருக்கும், முதல் சில நாட்களில் மரத்தூள் வாடை தூக்கலாக வரும்.

புதியவர்களுக்கு என் பரிந்துரை கியூப். சுமார் ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கட்டிகள் இவை. ஒன்றை எடுத்துக் கத்தியால் பிளந்து பாருங்கள்: வெளிப்புறம் காப்பி நிறம், உள்ளே போகப் போக வெளிறி, நடுவில் ஏறக்குறைய பச்சை மரம். பீப்பாய்ப் பலகையிலும் இதே அடுக்குகள்தான் இருக்கின்றன. பானம் உள்நோக்கி ஊறும்போது ஒவ்வொரு அடுக்காகச் சுவை வெளிவருவதால் மணத்துக்கு ஆழம் கிடைக்கிறது. நேரம் பிடிக்கும்: ஆறு வாரம் முதல் மூன்று மாதம். சில்லைவிட விலை கூடுதல் என்றாலும், ஒரு சிறு பொட்டலம் இரண்டு மூன்று தயாரிப்புகளுக்கு வரும்.

சுருள் வடிவில் கடைந்த ஓக் குச்சிகளும் உண்டு. குறுகிய கழுத்துள்ள குடுவைக்குள் நூல் கட்டி இறக்கி, வேண்டும்போது இழுத்து எடுக்கலாம். வசதி அதிகம், காசும் அதிகம்.

பலர் கவனிக்காத ஒரு மூலம், இறைச்சி வாட்டும் அடுப்புக்கான புகைச் சில்லுகள் விற்கும் அலமாரி. போர்பன் விஸ்கியைப் புதிய, உட்புறம் கரித்த ஓக்கில்தான் வைக்க வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் சொல்கிறது; ஒருமுறை பயன்பட்ட பீப்பாயை மறுபடி போர்பனுக்கு நிரப்ப முடியாது. ஏராளமான பீப்பாய்கள் ஸ்காட்லாந்து விஸ்கிக்குக் கப்பல் ஏறுகின்றன, மீதியில் ஒரு பகுதி உடைபட்டுச் சில்லாகிறது. ஜாக் டேனியல்ஸ் போர்பன் என்று தன்னைச் சொல்லிக்கொள்வதில்லை என்றாலும், அதன் பீப்பாய் மரச் சில்லும் பொட்டலமாகக் கிடைக்கிறது. விஸ்கி ஊறிய இந்த மரம் ஸ்டவுட், போர்ட்டர் போன்ற கறுப்பு பியர்களுக்கு நன்றாகப் பொருந்தும். பொட்டலத்தில் சேர்க்கைப் பொருட்களைப் படித்து, மரம் தவிர வேறு எதுவும் கலக்காததை மட்டும் எடுங்கள். அது உண்பதற்கென்று பொட்டலமிட்டது அல்ல என்பதால், கழுவி ஆவியில் வேகவைப்பதை இங்கே தவிர்க்க வேண்டாம்.

ஐந்து லிட்டர் குட்டிப் பீப்பாய்களைப் பற்றியும் கேட்பார்கள். பார்க்க அழகு. கொள்ளளவு குறையக் குறைய, பானத்தின் ஒவ்வொரு லிட்டருக்கும் படும் மரப்பரப்பு கூடிக்கொண்டே போகும். பெரிய பீப்பாயில் ஓராண்டு கிடக்கும் ஒயினைக் குட்டிப் பீப்பாயில் சில வாரத்துக்கு மேல் விட்டால் பலகையை நக்கிய மாதிரி ஆகிவிடும்; ஆவியாகும் இழப்பும் அதிகம். கூடத்தில் அலங்காரமாக வைப்பதாக இருந்தால் வாங்கிக்கொள்ளலாம்.

வீட்டிலேயே வறுப்பது

வறுக்காத சில்லு மலிவாகக் கிடைத்தால் சமையலறை ஓவன் அடுப்பிலேயே வறுத்துவிடலாம். அலுமினியத் தாளில் ஒரே அடுக்காகப் பரப்பி, தளர்வாக மூடி, 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு மணி நேரம் முதல் இரண்டு மணி நேரம் வரை வையுங்கள். கடிகாரத்தைவிட மூக்கை நம்பலாம். முதலில் ஈர மரத்தூள் வாடை வரும், பிறகு ரொட்டி சுடும் மணம், அதன் பின் வனிலா. காப்பிக் கொட்டை வறுபடும் மணம் தொடங்கும்போது மிதமான வறுப்பைத் தாண்டிவிட்டீர்கள் என்று பொருள். முதல் தடவைக்கு வனிலாவிலேயே நிறுத்துங்கள். கரிக்க விரும்பினால் வெளியில், இடுக்கியில் பிடித்து, தீயில் காட்டித் தண்ணீரில் அணைக்க வேண்டும். வீட்டுக்குள் செய்தால் புகை எச்சரிக்கைக் கருவி முதலில் கத்தும். பக்கத்து வீட்டுக்காரர் அடுத்தபடி.

கடையில் வாங்குவதாக இருந்தால், மிதமான வறுப்பு அல்லது அதற்கு ஒரு படி மேல். இரண்டுமே எல்லாப் பானத்துக்கும் ஒத்துப்போகும்.

முதல் வழி: ஓக் சாறு எடுத்துச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பது

புதியவர்கள் இதிலிருந்து தொடங்குவதே நல்லது. செலவும் குறைவு, கட்டுப்பாடும் முழுக்க நம் கையில்.

மூடி இறுகப் பொருந்தும் கண்ணாடிச் சீசா ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். 30 கிராம் ஓக் கியூபை அதில் போட்டு, 40 சதவீத ஆல்கஹால் உள்ள சாதாரண வோட்கா 250 மில்லி ஊற்றுங்கள். விலை உயர்ந்த வோட்கா தேவையில்லை. ஸ்டவுட்டுக்கென்றே செய்தால் வோட்காவுக்குப் பதில் போர்பன் ஊற்றலாம். ஆப்பிள் சைடருக்கு பிராந்தி. மூடி, வெளிச்சம் படாத அலமாரியில் வைத்து, நினைவு வரும்போதெல்லாம் ஒருமுறை குலுக்குங்கள்.

மறுநாளே திரவம் வெளிர் மஞ்சளாகும். ஒரு வாரத்தில் தேன் நிறம் வரும். அப்போது முகர்ந்தால் வனிலாவுக்கு முன்னால் பச்சை மரவாடைதான் மூக்கில் ஏறும். அதைப் பார்த்துப் பயந்து கொட்டிவிட வேண்டாம். குறைந்தது இரண்டு வாரம், முடிந்தால் ஒரு மாதம். நாள் ஆக ஆக மரவாடை பின்வாங்கி, தேங்காயும் சர்க்கரைப் பாகும் முன்னே வரும். பிறகு காப்பி வடிதாளில் வடிகட்டிக்கொள்ளுங்கள். இறுக மூடி வைத்தால் இந்தச் சாறு கெடாது.

அடுத்து அளவு பார்ப்பது. இதைச் செய்யாமல் சீசாவைக் குடுவையில் கவிழ்ப்பவர்கள்தான் பிறகு வருந்துகிறார்கள். ஒரே மாதிரியான நான்கு தம்ளர்களில் தயாரான பானத்தை 100 மில்லி வீதம் ஊற்றுங்கள். முதல் தம்ளரில் எதுவும் வேண்டாம். ஊசியில்லாத ஒரு மில்லி சிரிஞ்சால் இரண்டாவதில் 0.25, மூன்றாவதில் 0.5, நான்காவதில் 1 மில்லி சாறு விட்டுக் கலக்குங்கள். பத்து நிமிடம் கழித்து, குறைந்த அளவிலிருந்து தொடங்கிச் சுவைத்துப் பாருங்கள். கூடவே வீட்டில் இன்னொருவரைத் தம்ளர்களை இடம் மாற்றி வைக்கச் சொல்லிக் கண்ணை மூடிச் சுவைப்பது இன்னும் நல்லது. எது அதிக ஓக் என்று தெரிந்துவிட்டால் நாக்கு அதையே நல்லது என்று சொல்லும்.

கணக்கு எளிது. 100 மில்லிக்கு 0.5 மில்லி பிடித்திருந்தால் 20 லிட்டருக்கு 100 மில்லி. ஒரு மில்லி பிடித்திருந்தால் 200 மில்லி. முதலில் முக்கால் பங்கை மட்டும் ஊற்றி, ஒரு வாரம் விட்டு மறுபடி சுவையுங்கள். பெரும்பாலும் மீதிக் கால் பங்கு சீசாவிலேயே தங்கிவிடும். ஆல்கஹால் ஏறிவிடுமோ என்ற கவலை வேண்டாம்: 20 லிட்டரில் 100 மில்லி வோட்கா சேர்ந்தால் 0.2 சதவீதம்தான் கூடும்.

சாறு முறையில் ஒரு வசதி உண்டு. இருபது லிட்டரையும் ஒரே சுவையாக்க வேண்டியதில்லை. பாட்டிலில் அடைக்கும் நாளில் பாதியை அப்படியே அடைத்து, மீதிப் பாதிக்கு மட்டும் சாறு சேர்க்கலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் குடித்தால், உங்களுக்கு ஓக் பிடிக்கிறதா என்பதே அப்போதுதான் தெரியவரும்.

இரண்டாவது வழி: மரத்தை நேரே போடுவது

சாறு முறையில் மணம் சீக்கிரம் வந்தாலும், மாதக்கணக்கில் மரமும் பானமும் சேர்ந்து கிடப்பதால் வரும் இசைவு அதில் கொஞ்சம் குறைவு. சிவப்பு ஒயினுக்கும் தேன்மதுவுக்கும் இந்த இரண்டாவது வழி பொறுமைக்குப் பலன் தரும்.

20 லிட்டருக்கு அளவு இது. பியருக்குச் சில்லு என்றால் 30 கிராம், கியூப் என்றால் 50 கிராம். ஒயினுக்குச் சில்லு 40 கிராம், கியூப் 60 கிராம். கடைப் பொட்டலத்தில் இதைவிட அதிகம் எழுதியிருக்கலாம். இரண்டாவது தயாரிப்பில் கூட்டிக்கொள்ளலாம்.

1. நொதித்தல் முடிந்து, வண்டலிலிருந்து பானத்தைச் சைஃபன் குழாயால் வேறு குடுவைக்கு மாற்றிய பிறகு தொடங்குங்கள்.

2. மரத்தை இட்லிப் பாத்திரத்தில் பதினைந்து நிமிடம் ஆவியில் வேகவையுங்கள். கொதிநீரில் நேரே போட்டால் துவர்ப்போடு மணமும் தண்ணீருக்குப் போய்விடும். வோட்காவில் இரண்டு நாள் ஊறவைப்பது இன்னொரு முறை. ப்ளீச்சிங் திரவம் மட்டும் மரத்துக்கு ஒருபோதும் கூடாது. குளோரினும் மரமும் பூஞ்சையும் சேர்ந்தால் ஈரமான பழைய அட்டைப்பெட்டி நாற்றம் தரும் சேர்மம் உருவாகும். கெட்ட தக்கையால் ஒயின் பாழாவதும் அதே சேர்மத்தால்தான்.

3. வெந்நீரில் கொதிக்கவைத்த மஸ்லின் பையில் மரத்தையும், கனத்துக்கு நாலைந்து கண்ணாடிக் கோலிகளையும் போட்டுக் கட்டுங்கள். கோலி இல்லாவிட்டால் பை மிதக்கும். நீளமான நூல் ஒன்றை வெளியே விட்டுவையுங்கள். மணமில்லாத பல் இடுக்கு நூல் இதற்கு அருமை. ஊறிப் பருத்த பை குறுகிய கழுத்து வழியாக வெளியே வராது. அப்படிப்பட்ட குடுவையில் பையை விட்டுவிட்டு, பிறகு பானத்தைச் சைஃபனில் எடுத்துக்கொள்வதே வழி.

4. பியருக்குள் மரத்தை மெதுவாக இறக்குங்கள். உலர்ந்த மரத்தின் துளைகளைச் சுற்றிக் கரைந்திருக்கும் கார்பன் டைஆக்சைடு சட்டென்று குமிழியிட்டு, குடுவை கழுத்துவரை நுரைத்துப் பொங்கும். ஈர மரத்துக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு.

5. வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத ஏர்லாக் மூடியைப் பொருத்தி, குளிர்ந்த இருட்டான இடத்தில் வையுங்கள். குடுவையின் மேற்பகுதியில் காற்றிடம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. பீப்பாய்ப் பலகை வழியாகக் கசியும் மிகச் சிறிய அளவு ஆக்சிஜன் ஒயினை மென்மையாக்கும் என்பது உண்மை. குடுவையின் பெரிய காற்றிடம் அந்த வேலையைச் செய்யாது, ஒயினைப் புளிக்காடியாக்கும்.

6. சில்லு போட்டிருந்தால் நான்காம் நாளிலிருந்து இரண்டு நாளுக்கொரு முறை சுவையுங்கள். கியூப் என்றால் மூன்றாம் வாரத்திலிருந்து வாரம் ஒருமுறை. தேதியும் சுவையும் ஒரு வரி எழுதி வையுங்கள்.

எப்போது எடுப்பது? உடனே குடிக்கப்போகும் பியர் என்றால், ஓக் தெரிகிறதா இல்லையா என்று சந்தேகப்படும் நிலையைத் தாண்டியதும் எடுத்துவிடுங்கள். ஓராண்டு வைத்துக் குடிக்கப்போகும் ஒயின் என்றால் உங்களுக்குப் பிடித்த அளவைவிடக் கொஞ்சம் தூக்கலாகவே விடலாம். பாட்டிலில் நாளாக ஆக ஓக் அடங்கும்.

எந்தப் பானத்துக்கு எப்படி

சிவப்பு ஒயினுக்குப் பிரெஞ்சு, மிதமான வறுப்பு. வெள்ளை ஒயினில் ஷார்டனே தாங்கும். மணம் மிகுந்த மஸ்கட் போன்றவற்றுக்கு ஓக் வேண்டவே வேண்டாம். ஸ்டவுட்டுக்கும் போர்ட்டருக்கும் அமெரிக்க ஓக், ஒரு படி கூடுதல் வறுப்பு.

இந்தியாவுக்குக் கப்பலில் வந்த ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) பியர் பீப்பாயில் வந்ததால் ஓக் மணத்தோடு இருந்திருக்கும் என்று நம்பி, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ மிகுந்த பியரில் சில்லைக் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 19ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் மது ஆலைகள் ஓக் சுவை பியரில் ஏறுவதைக் குறையாகவே கருதின. அதனாலேயே சுவை இறங்காத பால்டிக் கடலோர ஓக்கைத் தேடி வாங்கின. ஹாப்ஸின் கசப்பும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்தால் நாக்கு வறண்டுவிடும். ஐபிஏவுக்கு ஓக் போட்டே தீர வேண்டுமென்றால் சாறு முறையில் 100 மில்லிக்கு 0.25 மில்லியோடு நிறுத்துங்கள்.

தேன்மதுவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தேனில் டானின் கிட்டத்தட்ட இல்லை. எவ்வளவு நன்றாக நொதித்தாலும் தேன்மது வாயில் சர்க்கரைத் தண்ணீர் போல வழுக்கிக்கொண்டு போவதற்கு அதுவும் ஒரு காரணம். ஓக் அதற்கு ஒரு பிடிமானம் தருகிறது. ஆனால் பிடிமானம் மட்டும்தான் குறை, மரமணம் வேண்டாம் என்றால் ஓக்கே தேவையில்லை; நாலைந்து லிட்டருக்கு ஒரு கோப்பை கடுங்கறுப்புத் தேநீர் போதும். டிக்காஷன் பதத்தில் இறக்கிய சாதாரண இலங்கைத் தேயிலையே இந்த வேலையைச் செய்யும். இது வீட்டு மது தயாரிப்பவர்கள் வெகுகாலமாகச் செய்துவரும் வேலை. ஆப்பிள் சைடருக்கும் இது பொருந்தும், ஏனென்றால் கடையில் வாங்கும் ஆப்பிள் சாற்றிலும் துவர்ப்பு குறைவு. முதலில் தேநீரால் துவர்ப்பைச் சரிசெய்துவிட்டு, பிறகு ஓக் சாற்றால் மணத்தை மட்டும் ஏற்றுவது, இரண்டையும் ஒரே மரத்திடம் கேட்பதைவிடச் சுலபம்.

சில்லு போடுவது போலி வேலை என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் ஒயினில் ஓக் சில்லு சேர்ப்பதை 2006இல் அனுமதித்தது. கடையில் குறைந்த விலைக்கு வாங்கும் ஒயினில் வனிலா மணந்தால், அது ஆயிரம் டாலர் பீப்பாயிலிருந்து வந்திருக்க வாய்ப்பில்லை.

மிஞ்சிப்போனால்

ஓக் சேர்க்காத அதே பானம் கையிருப்பில் இருந்தால் கலந்துவிடுவதே முழுமையான தீர்வு. அதனால்தான் முதல் தடவை முழுக் குடுவைக்கும் மரம் போடாமல் மூன்றில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைக்கச் சொல்வேன். கையிருப்பு இல்லை என்றால் காத்திருங்கள். ஆறு மாதத்தில் மரத்தூள் வாடை வெகுவாகக் குறையும். நாக்கை இழுக்கும் துவர்ப்பு மட்டும் பிரச்சினை என்றால் ஜெலட்டினோ முட்டை வெள்ளைக்கருவோ டானினைப் பிடித்துக் கீழே படியவைக்கும். ஆனால் அளவுக்கு மீறிய வனிலாவையும் தேங்காயையும் அவை தொடாது.

பயன்படுத்திய சில்லைத் தூக்கி எறியலாம். கியூபை இன்னொரு முறை போடலாம், பாதி வீரியம்தான் இருக்கும். ஈரத்தோடு பொட்டலம் கட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். வோட்காவில் முக்கி வைத்தால் அடுத்த தயாரிப்புவரை தாங்கும். அந்த வோட்காவும் வீணாகாது, அதுவே ஒரு நீர்த்த ஓக் சாறு.

மது இல்லாமல்

கொம்புச்சா என்ற நொதித்த தேநீர் செய்கிறவர்கள் இதே கியூபை அங்கேயும் பயன்படுத்தலாம். முதல் நொதிப்பு முடிந்து, படலத்தை எடுத்துவிட்ட பிறகு, ஒரு லிட்டருக்கு 2 கிராம் கணக்கில் போட்டு மூன்று நாளில் சுவைத்துப் பாருங்கள். தேநீரின் துவர்ப்பு ஏற்கெனவே இருப்பதால் பிரெஞ்சு ஓக் வேண்டாம். அமெரிக்க ஓக்கின் தேங்காய் மணம் புளிப்போடு நன்றாகச் சேரும். கொம்புச்சாவில் மிகச் சிறிய அளவு ஆல்கஹால் இயல்பாகவே உண்டாகும். அறவே கூடாது என்பவர்கள் குளிர்நீர்க் காப்பியில் முயலலாம்: காப்பித் தூளோடு லிட்டருக்கு 3 கிராம் வறுத்த ஓக் சில்லைச் சேர்த்துக் குளிர்பதனப் பெட்டியில் ஒரு இரவு ஊறவைத்து, காலையில் வடிகட்ட வேண்டும். ஆப்பிள் வினிகருக்கு அவசரமே இல்லை. லிட்டருக்கு 3 கிராம் கியூபைப் போட்டு மூடி அலமாரியில் வைத்தால், இரண்டு மாதத்தில் அதன் கூர்மை மழுங்கி, வெங்காயப் பச்சடியில் ஊற்றினால் என்ன சேர்த்தீர்கள் என்று கேட்பார்கள். இரும்புச் சாமான் எதுவும் அதில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; ஓக் டானின் இரும்போடு சேர்ந்தால் வினிகர் மை போலக் கறுத்துவிடும்.